வெள்ளோட்டத்தில் போன மனு

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை; கையில் ஆதாரம் இருக்கிறது.

இலவசமாகக் கிடைக்கிற ஓர் அலுவலக மென்பொருள் உண்டு. கடிதம் அடிக்க, பட்டியல் போட எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஊர் ஊராக, நாடு நாடாக இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்வது. ஒவ்வொரு புதுப் பதிப்பும் முழுதாக வெந்து இறங்குவதற்கு முன்னால், அரை வேக்காட்டில் ஒன்றை வெளியே விடுவார்கள். அதற்குப் பெயர் பீட்டா. அதை இறக்கிக்கொள்ளும் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: 'இது வெள்ளோட்டப் பதிப்பு. அன்றாட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.' அந்தத் தமிழ் வாசகத்தை எழுதியவன் நான். 'பயன்படுத்த வேண்டாம்' என்று மென்மையாகச் சொன்னால் நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள், 'கூடாது' என்று கண்டிப்பாகப் போட வேண்டும் என்று மொழிபெயர்ப்புக் குழுவில் பத்து நாள் சண்டை போட்டேன். ஜெயித்தேன். மறுநாள் காலையில் அதே பதிப்பை என் கடையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் நிறுவி, அன்றாட வேலைக்குப் பயன்படுத்தினேன்.

கடை திண்டுக்கல்லில், அலுவலகங்களுக்குப் போகிற ஒரு சாலையில் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் டைப்பிங். டைப்பிங்தான் முக்கியம். மனு எழுத வருகிறவர்கள் வாயால் சொல்வதை நான் அடித்துக் கொடுப்பேன். என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது, அந்தக் காலத்தில் டைப்பிங் கற்றுக்கொண்டதே அதனால்தான்.

பீட்டாவில் பிழை பார்ப்பது எனக்கு ஆறு வருடப் பைத்தியம். வரி முடிகிற இடத்தில் ஒற்றைக் கொம்பு மேலேயும் எழுத்து கீழேயும் பிய்ந்து நிற்கும். அதைப் படம் பிடித்து அனுப்புவேன். எங்கோ முகம் தெரியாத ஒருவர் சரிசெய்வார். அன்றைக்கு முழுக்க நானே தமிழுக்குக் கொம்பு முளைக்க வைத்ததுபோல் நடப்பேன். ஒரு முறை வெளியீட்டுக் குறிப்பின் அடியில் நன்றிப் பட்டியலில் என் பெயர் வந்தது. அதை அச்செடுத்து, லேமினேட் செய்து, சுவரில் மாட்டினேன். பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கிற பாய் வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

"இதென்னண்ணே, காணாமப் போனவங்க லிஸ்டா?"

"சோதிச்சுப் பாத்தவங்க லிஸ்டு பாய்."

"நீங்க அவங்களச் சோதிச்சீங்களா, அவங்க உங்களச் சோதிச்சாங்களா?"

நான் சிரித்தேன். நானும் அவர்களுமாகச் சேர்ந்து வேறு யாரையோ சோதிக்கப் போகிறோம் என்பது அப்போது தெரியவில்லை.

சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அந்தப் பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் திருப்பூரில் மில் வேலையில் இருக்க, இவர் இங்கே ஒற்றை ஆளாக மல்லிகை போட்டிருக்கிறார். தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதையின் வாயில் அவருடைய கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி, முள்வேலி போட்டு அடைத்துவிட்டான். பாட்டன் காலத்திலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான பாதை அது.

"விடியக் கருக்கல்ல பூவ எடுத்து, அந்தப் பாதையில வந்தா அஞ்சு நிமிசத்துல ரோடுண்ணே. இப்ப ஓடையச் சுத்தி வாரேன். மூட்டையோட வந்து சேர்றதுக்குள்ள பூ ஏத்துற வண்டி போயிருது. அடுத்த வண்டியில ஏத்துனா பூவு மலந்துருது. மலந்த பூவ எவன் வாங்குவான்?"

சொல்லச் சொல்ல அடித்தேன். மூன்று முறை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டா நகலைத் தேடி, வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனா என்று பையைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு டீ குடிக்கப் போனார்.

இனிமேல்தான் வருகிறது என் வேலை. அந்த வாரப் பீட்டாவில் குறிப்புப் பெட்டியை மாற்றியிருந்தார்கள். கடிதத்தின் ஓரத்தில், படிக்கிறவர் தன் கருத்தை எழுதி வைக்கிற சின்னப் பெட்டி அது. 'பொம்மை வாசகத்தில் சோதிக்காதீர்கள், நிஜமான ஆவணத்தில் சோதியுங்கள்' என்று அறிவிப்பில் கேட்டிருந்தார்கள். சரிதான். நிஜமான ஆவணத்தை ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் சோதிக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். நான் நகல் எடுக்கிற கடைக்காரன். நகல் எடுக்கவில்லை.

அவருடைய மனுவின் இரண்டாவது பத்தி ஓரத்தில் ஒரு பெட்டியைத் திறந்து, வாய்க்கு வந்ததை அடித்தேன்: 'இந்தம்மா சொல்றதுல பாதி நெசம், மீதி கண்ணீர். கண்ணீருக்கு எந்த எழுத்துரு போடுறது?'

ஏன் எழுதினேன் என்று என்னையே பல முறை கேட்டுவிட்டேன். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவே இல்லை. பெட்டி காலியாக இருந்தது. எனக்குக் காலியிடத்தைப் பார்த்தால் நையாண்டி வரும். அம்புட்டுத்தான். சிரிக்கக்கூட அங்கே ஆள் இல்லை.

பெட்டியின் மூலையில் 'முடிந்தது' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். பெட்டி மறைந்தது. பழைய பதிப்பில் அது சாம்பல் நிறத்தில் ஓரமாகவே நின்றுகொண்டிருக்கும். இதில் சுத்தமாகக் காணோம். அழிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். 'பிரமாதம், குப்பையே இல்லை' என்று குழுவில் பாராட்டு வேறு எழுதிப் போட்டேன்.

அவர் திரும்பி வந்து, அச்செடுத்த மனுவை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். காகிதத்தில் எந்தப் பெட்டியும் இல்லை.

"நாஞ் சொன்னது அப்பிடியே இருக்குண்ணே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மனு கொடுத்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். காகிதத்தோடு கம்ப்யூட்டர் கோப்பையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்களாம், விசாரணை அறிவிப்புக்கு வாசகத்தை எடுத்துப் போட வசதியாக. அவர் ஃபோனில் கேட்டார், நான் அனுப்பினேன். ஒரு நொடி வேலை.

விசாரணை நாளன்று மதியம் கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. என்ன நடந்தது என்று நின்றுகொண்டே சொன்னார். அங்கே அதிகாரி, எதிரில் இவர், அந்தப் பக்கம் கொழுந்தன். மனுவைப் படியுங்கள் என்று அதிகாரி சொல்ல, குமாஸ்தா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் படித்திருக்கிறார். அவர்களிடம் இருப்பது வேறு மென்பொருள். நான் மறைத்தது அதில் மறையவில்லை. மஞ்சள் நிறத்தில், என் பெயரோடு, ஓரத்தில் நின்றிருக்கிறது. குமாஸ்தா அதையும் விடாமல் படித்திருக்கிறார். எழுத்துரு வரை.

"ஒங்க பேரச் சொல்லித்தான் படிச்சாருண்ணே. எங்கொழுந்தன் என்ன சொன்னான் தெரியுமா? 'சார், எழுதிக் குடுத்தவரே ஒத்துக்கிட்டாரு, இனி நான் என்னத்தச் சொல்ல?'ன்னான். அங்கன இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. அப்பறம் விசாரிச்சுட்டுக் கூப்புடுறோம்னு அனுப்பிட்டாங்க. வேலி அப்பிடியேதேன் கெடக்கு."

நான் வாயைத் திறந்தேன். "அது வந்து தாயி, பீட்டான்னு ஒண்ணு, அதுல வந்து..."

அவர் முழுவதையும் கேட்டார். பெட்டி, பொத்தான், மறைவது, மறையாதது எல்லாவற்றையும். கேட்டு முடித்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாதி நெசம்னா, எந்தப் பாதிண்ணே பொய்யி?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். நல்லவேளை.

அதன் பிறகு எனக்கு வந்த கோபம்போல் என் வாழ்க்கையில் வந்ததில்லை. முதலில் அந்தக் குமாஸ்தா மேல். ஓரத்தில் இருப்பது மனு இல்லை என்று ஒரு மனிதனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் படித்தார். அவருக்கும் காலியாக ஒரு பொழுது கிடைத்திருக்கிறது, என்னைப் போலவே. அடுத்து அந்தக் கொழுந்தன் மேல். அடைத்த பாதைக்கு என் நையாண்டியை இன்னொரு முள்ளாக வைத்துக் கட்டிவிட்டான். அப்புறம் மென்பொருள் மேல். மறைக்கிற பொத்தானுக்கு 'முடிந்தது' என்று பெயர் வைத்தவன் எவன்? என்ன முடிந்தது? எவனுக்கு முடிந்தது?

உட்கார்ந்து பிழை அறிக்கை எழுதினேன். அறிக்கையா அது, சாபம். ஒரு பெண்ணின் வழியை அடைத்துவிட்டீர்கள் என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். காசு கொடுத்து வாங்கியிருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இவர்கள் எல்லாரும் சும்மா உழைக்கிறவர்கள், பிடிப்பதற்குச் சட்டையே கிடையாது. அந்த எரிச்சலையும் சேர்த்து எழுதினேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. நீளமான, பணிவான பதில். என் ஆறு வருட உழைப்புக்கு நன்றி. நடந்ததற்கு வருத்தம். ஆனால் இது பிழையல்ல, திட்டமிட்ட மாற்றம். முடிந்தது என்று குறித்த குறிப்பு மறையுமே தவிர அழியாது, கோப்பை வெளியே அனுப்பும் முன் அழிக்க வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்பின் மூன்றாம் பகுதியில் விளக்கியிருக்கிறோம். அந்தப் பகுதியின் தமிழாக்கம் மட்டும் இன்னும் வரவில்லை, அது உங்கள் பெயரில் ஒதுக்கியிருக்கிறது, நேரம் கிடைக்கும்போது முடித்துக் கொடுங்கள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றி சொல்லிக் கொன்றார்கள். 'வேண்டாமா, கூடாதா' என்று நான் மல்லுக்கட்டிய அந்தப் பத்து நாளில் அந்தப் பகுதியை முடித்திருக்கலாம். முடிக்க வேண்டாம், படித்திருந்தாலே போதும்.

கோபம் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது. லேமினேட் செய்த பட்டியலைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தால் லேமினேஷன் கிழியவில்லை. என் வேலை அவ்வளவு தரம். பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது பாய் எட்டிப் பார்த்தார்.

"பசிச்சா சொல்லுங்கண்ணே, வீட்டுல இருந்து சோறு வந்துருக்கு."

நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு அந்தப் பெண்ணின் ஊருக்குப் போகப் போகிறேன் என்றேன்.

"மன்னிப்புக் கேக்கப் போறீங்களா, வெளக்கம் சொல்லப் போறீங்களா?"

"ரெண்டும்தான்."

"ஒண்ணைக் கடையிலேயே வச்சுட்டுப் போங்க."

அன்றைக்கே பீட்டாவை அழித்துவிட்டு, வெந்து முடிந்த பழைய பதிப்பை நிறுவினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். ரோட்டில் இறங்கி, வேலி போட்டிருந்த பாதை வாய்க்கு நடந்தேன். வெட்டிப் போட்ட கருவேல முள், இடுப்பளவு. அதற்கு அந்தப் பக்கம் கொழுந்தன் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு நின்றான். கடைப் பக்கம் பார்த்திருப்பான் போல, என்னைத் தெரிந்திருக்கிறது.

"என்னண்ணே, மிச்சப் பாதிய அளக்க வந்தீங்களா?"

"ஆமா தம்பி, முள்ளுல நெசம் எம்புட்டு, பொய்யி எம்புட்டுன்னு பாக்க வந்தேன்," என்றேன். வாய் அப்போதும் அடங்கவில்லை பாருங்கள். அவன் துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

ஓடை வழியாகத்தான் தோட்டத்துக்குப் போனேன். வழி என்று அதைச் சொல்லக் கூடாது. முழங்கால் தண்ணீர், கீழே பாசி பிடித்த கல். இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை முழுதாகவே உட்கார்ந்துவிட்டேன். வேட்டியைப் பிழிந்துகொண்டு எழுந்தபோது எதிரே அவர் தலையில் பூ மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நிற்கவும் இல்லை. வண்டிக்கு நேரமாகிறது. நான் பின்னாலேயே தண்ணீருக்குள் நடந்தேன். அவருடைய முழங்காலுக்குக் கீழே, சேலையைத் தூக்கிச் செருகியிருந்த இடத்தில், கல் கிழித்த பழைய காயங்கள் நாலைந்து தெரிந்தன. மனுவில் அவர் அதைச் சொல்லவே இல்லை. பாதி நெசம் என்று நான் எழுதியது அந்த வகையில் சரியாகத்தான் இருந்தது. மீதிப் பாதியை அவர் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். இந்த எண்ணம் வந்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. இரண்டு கையும் கல்லைப் பிடித்திருந்தன.

ரோட்டுக்கு வந்தபோது பூ வண்டி தூரத்தில் வளைவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஓடைக்குள் என்னை இரண்டு முறை கைதூக்கி விட்டிருந்தார். அன்றைக்கு முன்னதாகவே கிளம்பியிருந்தார், நான் இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்திருப்பார். அதையும் அவர் சொல்லவில்லை. மூட்டையை இறக்கி வைத்து, பூ வாடாமல் மேலே போட்டிருந்த ஈரத்துணியைச் சரிசெய்தார்.

"தப்பு என்னுது தாயி," என்றேன். "அந்த வரி பொய்யின்னு என் கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கு ஒரு கடுதாசி குடுக்குறேன். நானே நேர்ல வந்து சொல்றேன். ஒனக்குப் புது மனு ஒண்ணு. இன்னிக்கே கடைக்கு வா. அந்தப் பீட்டாவ அழிச்சுட்டேன், இப்ப இருக்குறது நல்லா சோதிச்ச பதிப்பு, அதுல எதுவும் ஒளிஞ்சிருக்காது. பத்தே நிமிசம், சுத்தமா அடிச்சுத் தந்துர்றேன்."

அடுத்த வண்டி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"கையால எழுதிக் குடுங்கண்ணே."