பாய்க்கு இல்லாத அண்டா

அண்ணன் மகளின் காதுகுத்துக்காகப் புதுப்பட்டினம் போகும் வழியில், திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு வாடகைப் பாத்திரக் கடை முன் வேனை நிறுத்தி அண்டாக்களை ஏற்றுகிறேன். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வருகிறார். நாளை மகளின் நிக்காஹ் விருந்தாம். ஏற்பாடு செய்த கடை கைவிட்டதால், பிரியாணிக்கு இரண்டு அண்டா கேட்கிறார்.

"பாய்க்கு இல்ல. கோயில் அன்னதானத்துக்குப் போற பாத்திரம், கறி ஆக்கக் கூடாது" என்கிறார் கடைக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நான் இன்னா சாம்பாரா வைக்கப் போறேன்? ரெண்டு கிடா வெட்டறோம்னு போன்ல உன்னாண்டதானே சொன்னேன்?"

"நீ நம்ம ஆளு அண்ணாத்த. அது வேற."

"அப்போ உனக்குக் கறி பிரச்சன இல்ல, ஆளுதான் ஆவல. அத அவரு மூஞ்சியப் பாத்து சொல்லு."

கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுகிறார். நான் ஏற்றிய அண்டாக்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறேன். பெரியவர் என் கையைப் பிடிக்கிறார்.

"வோணாம் நைனா. உன் வூட்டு விசேஷம் நின்னுடும்."

"நிக்காது. ஏறுங்க பாய்."

வந்த வழியே செங்கல்பட்டுக்கு வேனைத் திருப்புகிறேன். அண்ணன் திட்டுவான், திட்டட்டும். அடுத்த கடையில் கிடைக்கிற முதல் இரண்டு அண்டாவும் பாய்க்குத்தான்.