கழுவெளிக்கு இடம் விடுதல்

சாலையில் நடக்கும் என் தலைக்கு மேலே படகு போகிறது. ஹாலந்துக்கு வந்து மாதங்கள் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. கால்வாய் உயரத்தில் இருக்கிறது, வீடுகள் கரைக்குக் கீழே. அவற்றுக்குள் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், எனக்குத்தான் தூக்கம் இல்லை. நிலவடிவமைப்பாளன் என்று என்னை வரவழைத்து, ஆற்றை ஒட்டி ஊர்களை அமைப்பது பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பாடம் சொல்ல வைத்திருக்கிறார்கள். தண்ணீரோடு மல்லுக்கட்டாதே, அதற்கு இடம் விடு என்பதுதான் என் பாடம். மாணவர்களின் பயிற்சிக்கு எங்கள் ஊர் மரக்காணம் கரையையே கொடுத்திருந்தேன்.

அங்கே அண்ணன் உப்பளம் வைத்திருக்கிறார். ஐப்பசி மழையில் கழுவெளி என்கிற உப்பங்கழி நிரம்பும்போது, அது கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால், வெள்ளம் உப்புப் பாத்திகள்மேல் ஏறிவிடும். உப்பளத்தாரும் மீனவர்களும் சேர்ந்து போய் மணலை வெட்டிவிட வேண்டும். ஒரு தரப்பு மட்டும் மண்வெட்டி வைக்கக் கூடாது, அது ஊர்க் கட்டுப்பாடு. சின்ன வயதில் நானும் அங்கே நின்றிருக்கிறேன். தண்ணீர் கடலுக்குப் பாயும்போது, அதுவரை சண்டை போட்டவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

நேற்று அண்ணன் புதுச்சேரி போய்க் காத்திருந்து டிரங்கால் போட்டார்.

"அளம் முழுகிடுச்சுடா. குவிச்ச உப்பு பாதி கரைஞ்சு போச்சு. வெட்டலாம்னா மீன்காரங்க ஒத்துக்கல. இறால் இன்னும் பெருசாவலயாம், இப்ப வெட்டினா கடலுக்குப் போயிடுமாம், பொறுன்றாங்க. அவங்களுக்கும் வயிறு இருக்குது, என்னா சொல்றது. தண்ணி வீட்டு வாசலுக்கு வந்துடுச்சு."

"அண்ணியையும் புள்ளைங்களையும் கூட்டிக்கினு வந்துடுண்ணா."

"எங்கடா வர்றது? அங்கயா?"

இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட அவரிடம் போன் ஏது?

டெலிபோன், நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். தண்ணீர்த் துறை அலுவலகத்துக்கு அண்ணன் ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டார். அங்கே இறாலும் உப்பும் பேசி முடிக்க வேண்டும் என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்து, காபி ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது. கோபித்து என்ன ஆகப்போகிறது?

இன்று காலை ஸ்டூடியோவில் அன்னெக்கா என்ற மாணவி தன் வரைபடத்தை மேசையில் விரித்தாள். உப்பளங்கள், குடிசைகள், மேட்டுத் தெரு எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. அத்தனையையும் கழுவெளிக்குக் கொடுத்து நீலம் பூசியிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது.

"இங்கிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று நான் குறிக்கவில்லை. அது குறையா?" என்று கேட்டாள்.

பதில் தெரிந்திருந்தால் நேற்றே அண்ணனுக்குச் சொல்லியிருப்பேனே. வலது கையால் முழு மதிப்பெண் போட்டேன். அண்ணன் வீடு இருந்த நீலத்தின்மேல் ஊன்றியிருந்த இடது கையை எடுக்க முடியவில்லை.