ஏழாம் வாய்ப்பாடு

எங்கள் குளியலறைத் தாழ்ப்பாளை அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் போட்டார். துருப்பிடித்துவிட்டது, புதிது மாட்ட வேண்டும் என்றார். லிங்கராஜபுரத்தில் ஹார்டுவேர் கடைக்கா பஞ்சம்? எங்கள் சந்து முனையிலேயே ஒன்று இருந்தது. ஆனாலும் மாதக்கணக்கில் புதுத் தாழ்ப்பாள் வரவில்லை.

அதற்குப் பதிலாக அம்மா ஒரு சட்டம் போட்டாள். உள்ளே இருப்பவர் சத்தமாகப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் ஆள் இருப்பது வெளியே தெரியுமாம். அப்பா பாடினால் மழை வரும் என்பது எங்கள் வீட்டுக் கேலி, அவரும் பாடினார். நான்காம் வகுப்பில் இருந்த எனக்கு, இவ்வளவு நல்ல சட்டம் அந்த வீட்டில் அதுவரை வந்ததே இல்லை.

கஷ்டம் அக்காவுக்குத்தான். பி.யூ.சி. சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தவள் காலேஜுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். தலைவார அம்மாதான் எழுப்பி உட்கார வைக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனாலும் பிரேசர் டவுன் டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கி வந்தார்கள். எனக்கோ தெர்மாமீட்டர் நூறைத் தாண்டாமல் ஒருநாள்கூட லீவு கிடைத்ததில்லை. பொறாமையாக இருந்தது.

பாட்டு வராத அக்கா, பள்ளியில் கன்னடத்தில் படித்த வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே குளிப்பாள். குரலில் உயிரே இருக்காது. அவள் குளிக்கப் போனால் மட்டும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகே நிற்பாள். குரல் சற்று நின்றால், "ம்... சொல்லும்மா, கேக்குது" என்பாள்.

ஒருநாள் அக்கா, "ஏளெண்ட்லி ஐவத்நாலக்கு" என்றாள். ஏழெட்டு ஐம்பத்து நான்காம்!

"தப்பு! ஐவத்தாரு! எங்க மிஸ்ஸா இருந்தா முட்டி போட வெச்சிருப்பாங்க" என்று வெளியிலிருந்து கத்தினேன்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. பிறகு அக்கா சிரித்தாள். "போடி, பெரிய கணக்குப் புலி!" என்றாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மனச்சோர்வு என்ற சொல்லும், மகள் உயிரோடு இருக்கிறாள் என்று காதால் கேட்டுக்கொண்டே இருக்கத்தான் அம்மா அந்தச் சட்டத்தைப் போட்டாள் என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அன்று எனக்குப் புரிந்தது வேறு. சயின்ஸ் படிக்கிற பெண்ணுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியவில்லை என்றால், பெற்றவள் அழாமல் என்ன செய்வாள்? பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அழாதம்மா, அக்காவுக்கு நான் சொல்லிக் குடுக்கறேன்" என்றேன்.