அதீப் சொல்லாத பெயர்

நாங்கள் சேர்ந்து படித்த பள்ளியில் ஒரு பாடம் முடிந்ததும், அடுத்த ஆசிரியர் வருவதற்குள் அதீப் போய்க் கரும்பலகையைத் துடைத்துவிடுவான். யாரும் சொன்னதில்லை. மரக்காணத்தில் பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். ஒருவர் எழுந்ததும், அவர் பார்த்ததன் சுவடையெல்லாம் கணினியிலிருந்து அழித்துவிட்டே அடுத்தவரை உட்காரவைப்பான். அதை நம்பித்தான் கூனிமேட்டுப் பெண்கள் துபாயிலிருக்கும் கணவர்களுக்கு மெயில் அனுப்ப அவனிடம் வந்தார்கள்.

2005 மழைக்காலத்தில் அந்தப் பெண்களில் ஒருவரான நஸ்ரியா அக்காவின் கணவருக்கு, அக்காவைப் பற்றி அசிங்கமாக ஒரு மொட்டை மெயில் போனது. கணவர் போன் செய்வதை நிறுத்திவிட்டார். மெயிலோடு போன கணினி எண்ணைப் பார்த்ததில், அது அதீப் வேலை பார்த்த சென்டரின் ஒரு கணினியிலிருந்தே போயிருந்தது.

"யாருன்னு மட்டும் சொல்லிடு தம்பி."

"சொல்றேன்க்கா. அல்லாஹ் மேல ஆணையா."

அந்தச் சுவடையும் அவனே அழித்திருந்தான். மேலே வேறெதுவும் பதியாதவரை, அழித்தது அடியில் கிடக்கும் என்று எங்கோ படித்து, அந்தக் கணினியின் பிளக்கைப் பிடுங்கினான். பழைய ஹார்டு டிஸ்குகளை வாங்கி, அழித்ததை மீட்டெடுக்கப் பழகினான். புரியாத கையேடுகளை என்னிடம் நீட்டுவான்.

"டிகிரி படிச்சவனே, இந்த இங்கிலீஷ என்னன்னு பாருடா."

"எங்க வீட்லயே மொத டிகிரிடா. பாதி எனக்கே புரியல."

சென்னையில் கோர்ட்டு வழக்குகளுக்குக் கணினிகளைச் சோதிக்கும் நிறுவனம் ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டது. கிளம்புவதற்கு முன் ஒரு மதியம், நான் உடனிருக்கும்போது, அந்த மெயில் பக்கம் மீண்டு வந்தது. அவன் சட்டென்று திரையை மறைத்தான்.

"யாருடா?"

"வெளி ஆள் இல்ல. அக்கா வீட்டுக்குள்ளயே இருக்கற ஆள்தான். இதுக்கு மேல கேக்காத."

"அக்காகிட்ட சொல்லிடு."

"சொன்னா அந்த வீட்ல எப்படிடா தூங்கும்? போக வேற எடம் இருக்குதா?"

பிறகு அதை மறுபடி அழித்தான். இம்முறை, யாராலும் மீட்க முடியாதபடி. அதையும் அவன் கற்றிருந்தான். அது இரக்கமா, பயமா? இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. என் படிப்பு அதற்கு உதவவில்லை.

2006இல், அவன் சென்னையில் பெயரெடுத்துவிட்டதாகப் பேச்சு. நஸ்ரியா அக்காவைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். சற்றுத் தள்ளி அவர் புகுந்த வீட்டார் எல்லோரும் பைகளோடு நின்றிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு மெயில் போயிருக்குது தம்பி. பேரு சொல்றேன்னு அதீப் ஆணையிட்டானே. இன்னும் சொல்லல."