நான் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

1. லைப்ரரி பீரியட்

புனேயில் கசார்வாடிப் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஆரம்பப் பள்ளியில் லைப்ரரியனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். அங்கே லைப்ரரி பீரியட் என்றால் கிளாஸ் டீச்சருக்கு ஓய்வு என்று அர்த்தம். முதல் நாளே பார்த்துவிட்டேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் ஜெயந்தி நாற்பது பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டு, "அக்கா, பாத்துக்கோங்க, எனக்கு கரெக்‌ஷன் இருக்கு" என்று ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டாள். அவள் பக்கத்துக் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நான் கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்தவள். பள்ளியில் தமிழ் பேச அவளுக்கு நான், எனக்கு அவள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை டிபன் நேரத்தில் ஒவ்வொரு டீச்சரிடமும் போய், அடுத்த வாரம் என்ன பாடம் என்று கேட்பேன். தண்ணீர் என்றால் கிணறு, ஆறு, மழை பற்றிய புத்தகங்களைக் கூடையில் எடுத்துப் போய் அவர்கள் வகுப்பிலேயே வைப்பேன். முதலில் பிரின்சிபாலுக்கு வேவு பார்க்கிறேன் என்று நினைத்தார்கள். போகப் போக அவர்களே தேடி வந்து பாடத்தைச் சொன்னார்கள். ஜெயந்தி மட்டும் வாயில் அவல் போஹாவை வைத்துக்கொண்டு பாடத்தின் பெயரைச் சொல்வாள். லைப்ரரியில் உட்கார மாட்டாள்.

2. மூன்று நிறம்

அப்புறம்தான் எனக்குப் புத்தி கெட்டது. எது யார் படிக்கக்கூடிய புத்தகம் என்று தெரிய வேண்டுமே என்று, ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். எளிதானது சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், கடினம் பச்சை. எந்தப் பிள்ளைக்கு எந்த நிறம் என்பதை டீச்சர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். அவரவர் நிறத்தில்தான் எடுக்கலாம் என்று சட்டமும் போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். நானும் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஜெயந்தியின் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண். எழுந்து நின்று படி என்றால் வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்குச் சிவப்பு. வாராவாரம் பேருக்கு ஒரு சிவப்புப் புத்தகத்தை எடுத்து இஷ்யூ பண்ணிக்கொள்வாள். மிச்ச நேரம், திரும்பி வந்த புத்தகங்கள் கிடக்கிற பிளாஸ்டிக் டப் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்குவாள். நல்ல பிள்ளை, கூடமாட வேலை செய்கிறது என்று விட்டுவிட்டேன்.

3. அப்பா கேட்டது

வருடக் கடைசியில், தர்ஷினியை வேறு மீடியத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று ஜெயந்தி வீட்டுக்குக் குறிப்பு அனுப்பினாள். மறுநாள் காலையில் சாகண் தொழிற்பேட்டைக் கம்பெனி யூனிஃபார்மோடு ஒருவர் லைப்ரரி வாசலில் நின்றார்.

"தமிழ் மேடம்னு வாட்ச்மேன் சொன்னாரு. தர்ஷினி அப்பாங்க. எம் பொண்ணு வருசம் பூரா செவப்பு புக்குதான் எடுத்துச்சாம், உங்க ரெஜிஸ்டர்லயே இருக்குதுன்னு டீச்சர் எழுதியிருக்காங்க. அதனால இங்கிலீஷ் வராதுன்றாங்க."

"ஆமா, சிவப்புதான் எடுத்தா."

"வேற குடுத்தீங்களா, மேடம்?"

சுருக்கென்றது. சட்டம் போட்டவளே நான்தானே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவரே தொடர்ந்தார்: "நான் வெல்டிங் அடிக்கிறவன், படிப்பு ஏறல. ஆனா வூட்ல தம்பிக்கு தெனம் கதை சொல்லுது. திமிங்கலம் தண்ணியிலதான் இருக்குமாம், மூச்சு விட மட்டும் மேல வருமாம். அதெல்லாம் செவப்பு புக்குல இருக்குதுங்களா?"

இல்லை. அது பச்சை. அந்தப் பெண் டப்பில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

4. ஒரே ஒரு பீரியட்

நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். "நாளைக்கு லைப்ரரி பீரியட்ல நீ என்கூட உக்காரணும்."

"அரே அக்கா, யூனிட் டெஸ்ட் பேப்பர் அப்படியே கிடக்கு."

"பேப்பரையும் எடுத்துட்டு வா. டப்புக்குப் பின்னாடி உக்காந்து திருத்து. யாரையும் எழுப்பி நிக்க வைக்காதே, அது போதும்."

அவள் நடத்திக்கொண்டிருந்த பாடம் விலங்குகள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேள்வி தயார் பண்ணினோம்: தண்ணீரில் வாழ்ந்தாலும் காற்றைச் சுவாசிக்கும் விலங்கு எது? பிள்ளைகள் ஜோடி ஜோடியாகத் தேட வேண்டும். கண்டுபிடித்ததைப் பக்கத்திலிருப்பவருக்கு மெதுவாகப் படித்துக் காட்ட வேண்டும். அன்றைக்கு மட்டும் நிறக் கட்டுப்பாடு கிடையாது என்று அறிவித்தேன்.

தர்ஷினி அலமாரிப் பக்கமே போகவில்லை. டப்பில் கையை விட்டு, அடியிலிருந்து திமிங்கலப் புத்தகத்தை உருவினாள். வரியில் விரலை வைத்துத் தன் ஜோடிக்குப் படித்தாள். இரண்டு வார்த்தையில் தடுக்கினாள், தாண்டிப் போனாள், பக்கத்தை முடித்தாள். ஜெயந்தியின் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

மணி அடித்த பிறகு, "கிளாஸ்ல வாயே திறக்கலையே அக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"நீ நிக்க வச்ச, நான் ஸ்டிக்கர் ஒட்டினேன். நம்ம ரெண்டு பேர் கைங்கரியமும்தான் இது."

குறிப்பை அவள் அன்றே திரும்ப வாங்கிக்கொண்டாள். தர்ஷினி எங்கள் பள்ளியிலேயே இருந்தாள். அதன் பிறகு ஜெயந்தி லைப்ரரி பீரியடில் ஸ்டாஃப் ரூமுக்குப் போனதில்லை.

5. தேங்காய் எண்ணெய்

மே மாத லீவில் நானும் ஜெயந்தியும் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஸ்டிக்கர்களை உரித்தோம். ஒட்டுவதற்கு ஒரு வாரம் ஆனது, உரிக்க மூன்று வாரம். சில புத்தகங்களில் பசை போகவே இல்லை. அதில் தூசி ஒட்டிச் சதுரமாகக் கறுத்துக் கிடந்தது.

பள்ளி திறந்ததும் தர்ஷினி அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "மிஸ், எது வேணும்னாலும் எடுக்கலாமா?"

"எடு."

"அப்போ இனிமே டப் அடுக்க வேணாமா?"

"வேணாம்மா" என்றேன். அவள் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நடு பெஞ்சில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளை எதை எடுத்தது என்பது ரெஜிஸ்டரில் இருக்கும். எதை எடுக்க விட்டோம் என்று எழுத அதில் கட்டம் கிடையாது. "வேற குடுத்தீங்களா?" என்று ஒரு அப்பா வந்து கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் பதில் இருக்கட்டும். அன்றைக்கு என்னிடம் இல்லை.