டிரம்ஸ் வராத கச்சேரி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாத மாலை. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால், வழக்கமாகப் பாட்டுக் கச்சேரி நடக்கும் ஒரு சின்ன ஹால். அன்றைக்கு அங்கே வாசிக்க இருந்தவன் என் தம்பி. வாசிக்க இருந்தது ஜாஸ் கிட்டார்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காலேஜ் நாட்களில் கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் ஆரம்பித்தான். அப்புறம் சினிமாப் பாட்டு ரெக்கார்டிங். நீங்கள் முணுமுணுக்கும் பாட்டு ஏதாவது ஒன்றில், சரணத்துக்கு முன்னால் கிட்டார் கொஞ்சம் ஓடி நிற்குமே, அது இவனாக இருக்கலாம். பெயர் எங்கும் வராது. எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். டிவியில் அந்தப் பாட்டு வந்தால் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு எல்லாரையும் அதட்டி வாயை மூட வைப்பார். கிட்டார் முடிந்ததும் மிக்ஸி மறுபடி ஓடும்.

ஆனால் அவன் உயிர் ஜாஸில்தான். தானே மெட்டுப் போட்டு இரண்டு ஆல்பம் வெளியிட்டிருந்தான். மும்பையில் கூப்பிட்டு வாசிக்க வைத்தார்கள், வெளிநாட்டு ரேடியோ ஒன்றில்கூடப் போட்டார்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்குத்தான் பிடிபடவில்லை. "ஆரம்பம் எது, முடிவு எதுன்னே தெரியலையேப்பா" என்று பெரியப்பா ஒருமுறை சொல்லிவிட்டார். அதிலிருந்து யார் விசாரித்தாலும் அம்மா, "சினிமாவுல வாசிக்கிறான்" என்று முடித்துக்கொள்வார். ஜாஸ் என்ற வார்த்தை அம்மா வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அவன் அதைக் காட்டிக்கொள்ள மாட்டான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது ஆல்பத்தை ஸ்டுடியோவில் செய்ய மாட்டேன், சொந்த ஊரில் ஆட்கள் முன்னால் வாசித்துத்தான் பதிவு செய்வேன் என்று அவன் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இதுதான். அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பாஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர் இதற்காகவே கோவாவிலிருந்து வந்திருந்தார். மறுநாள் காலையில் அவர் கிளம்பியாக வேண்டும். ஹாலும் அந்த ஒரு மாலைக்குத்தான் கிடைத்திருந்தது.

மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. ஆரம்பிக்கிற நேரத்துக்கு டிரம்ஸ்காரரிடமிருந்து போன்.

"மச்சி, இங்க ரோடே தெர்ல. வண்டி நின்னுபோச்சு, டிரம்ஸ் மொத்தமும் உள்ள கீது. இன்னா பண்றதுன்னே புரியல மச்சி."

"நீ பத்திரமா இருடா" என்று சொல்லித் தம்பி போனை வைத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த மழையிலும் ஹாலில் பாதிக்கு மேல் ஆள். அடையாறில் அவனிடம் கிட்டார் கற்றுக்கொள்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள், அந்த ஹாலில் எது நடந்தாலும் குடையோடு வந்து உட்காரும் மயிலாப்பூர்க்காரர்கள். டிசம்பர் கச்சேரி சீசன் வரை பொறுக்க முடியாதவர்கள்.

முதல் இரண்டு உருப்படியை எப்படியோ ஒப்பேற்றினார்கள். பதிவு செய்ய வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதுதான் அந்த ஆல்பத்துக்கே உயிர். ஐந்து எண்ணிக்கையில் சுற்றிச் சுற்றி வரும். டிரம்ஸ் அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கிட்டார் இஷ்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வர முடியும். பாஸ்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். தம்பி மைக்கில் விஷயத்தை உள்ளபடியே சொல்லி, இதை விட்டுவிடுகிறோம், மன்னிக்க வேண்டும் என்றான்.

அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மாமி எழுந்தே விட்டார்.

"அஞ்சுதானே? கண்ட சாபு! இதுக்கா பயப்படறே? நீ பாட்டுக்கு வாசி, நாங்க தாளம் போட்டுண்டு வரோம்."

ஹாலே சிரித்தது. மாமி உட்கார்ந்து தொடையில் தட்ட ஆரம்பித்தார். பின் வரிசைகளும் சேர்ந்துகொண்டன. தம்பி வாசித்தான். இடித்தது. அவன் மெட்டு முதலில் மூன்று, அப்புறம் இரண்டு என்று போகும். இவர்களோ கண்ட சாபு வழக்கப்படி முதலில் இரண்டு, அப்புறம் மூன்று என்று போட்டார்கள். மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு, கண்ட சாபுவை மாற்றிப் போடுங்கள் என்று யார் சொல்வது?

தம்பி கிட்டாரை நிறுத்தினான். தாளம் நிற்கவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவர்களுடைய இரண்டை விட்டுவிட்டு, மூன்று தொடங்கும் இடத்தில் தன் மெட்டை எடுத்தான். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

"எடுப்பைத் தள்ளி வச்சுட்டான் பாருங்கோ! யாராத்துப் பிள்ளை இவன்?" என்று மாமி அம்மாவிடம் கேட்டார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் பையன்தான். ஜாஸ் வாசிக்கிறான்" என்றார். சொல்லிவிட்டு அவரும் தட்ட ஆரம்பித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி எங்கெங்கோ போனான், விழுவது போல் போனான், ஒவ்வொரு முறையும் சரியாக அந்த மூன்றில் வந்து நின்றான். நின்றபோதெல்லாம் "பலே" என்று குரல் வந்தது. நடுவில் பாஸ் தனியாக வாசித்தபோது எல்லாரும் காபி குடிக்க எழுந்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஒருவரும் அசையவில்லை.

பதிவு செய்தவர் அந்தத் தட்டல் சத்தத்தைக் குறைத்துவிடலாம் என்றபோது தம்பி ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆல்பம் அப்படியேதான் வந்தது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதைத்தான் போடுகிறார். மிக்ஸி அது முடியும் வரை ஓடாது. "இதுல தாளம் நான்" என்று பெரியப்பாவிடமே சொன்னார். அன்று மழை விட்டிருந்தால் என் தம்பிக்கு இன்னொரு நல்ல ஆல்பம் கிடைத்திருக்கும், ஆனால் அதில் எங்கள் அம்மாவின் கை இருந்திருக்காது என்பதை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.