ஞாயிறு பதினொரு மணிப் பேருந்து

மண்ணூரில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறைகள் உண்டு. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பெண்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். மூன்று ஷிப்டுகளிலும் மாறி மாறிப் போகிறவர்களாதலால், ஒரே அறையில் இருக்கும் இருவர் வாரம் முழுவதும் ஒருவரையொருவர் தூங்கும் கோலத்தில் மட்டுமே பார்ப்பதும் உண்டு. ஞாயிறு ஒன்றுதான் எல்லோருக்கும் பொதுவான பகல். அன்று காலை பதினொரு மணிக்கு, தலையில் எண்ணெயும் கையில் இட்லித் தட்டுமாகப் பதினொரு பேரும் இறங்கி வந்து எங்கள் கூடத்துத் தொலைக்காட்சியின் முன் உட்காருவார்கள், ஒரு நகைச்சுவைத் தொடருக்காக.

ஐம்பது ஆண்டுகளாகப் பதிகம் ஓதி வருகிறவன் நான். ஞாயிறுகளில் ஏழு மணிக்கு விளக்கேற்றினால் ஓதி முடிக்கப் பதினொன்றாகும். ஒரு ஞாயிறு ஓதல் சற்று நீண்டுவிட, கூடத்திலிருந்து எழுந்த சிரிப்பில் பாட்டின் ஓர் அடியைத் தவறவிட்டேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் எண்ணத்தோடு எழுந்து போனவன், நிகழ்ச்சி முடியும் வரை கதவோரம் நின்றுகொண்டே இருந்தேன். என் மனைவி அந்தப் பெண்களிடம் சொன்னாள்: “சத்தத்த கொறைக்க வந்தவரு அர மணி நேரமா நின்னுகினு கீறாரு. ஒரு நாற்காலி இழுத்துப் போடுங்கடி.” அடுத்த வாரத்திலிருந்து அந்த நாற்காலி எனக்குரியதாயிற்று.

தொடர் முழுவதும் ஒரு கம்பெனிப் பேருந்துக்குள் நடந்தது. விடியுமுன் ஊர் ஊராக நின்று தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்து. ஜன்னலோர இருக்கைக்காக மூன்றாண்டுகளாகப் போரிடும் இருவர் அதில் இருந்தனர். தன் நிறுத்தம் கடந்தவுடன் மட்டுமே கண் விழிக்கும் தரப் பரிசோதகர் ஒருவர். ஓவர்டைம் என்ற சொல் காதில் விழுந்தாலே காய்ச்சல் காணும் இளைஞர் ஒருவர். திருமணமாகாமலே நாற்பதைக் கடந்துவிட்ட ஓட்டுநருக்கு, அதே பேருந்தில் வரும் கேன்டீன் அம்மாளிடம் சொல்ல ஒரு செய்தி இருந்தது. ஒவ்வொரு வாரமும் அவர் வாயெடுப்பார். யாராவது மணியை அடித்துவிடுவார்கள்.

கடைசியாக வந்த பகுதியில் செம்பரம்பாக்கம் போன்றதொரு ஏரிக்கரையில் பேருந்து பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். மணி அடிக்க ஒருவரும் இல்லை. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தார், அம்மாளைப் பார்த்துத் திரும்பினார், வாயைத் திறந்தார். ‘தொடரும்’ என்று எழுத்து வந்தது.

தொடரவில்லை. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் சமையல் போட்டி ஒன்று வந்தது. ரேட்டிங் போதாமல் நிறுத்திவிட்டார்கள் என்று பெண்கள் தங்கள் போனில் படித்துச் சொன்னார்கள்; பழைய பகுதிகளையும் செயலியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். யாரும் பார்க்கவில்லை என்று யாரிடம் கேட்டார்கள்? எங்கள் கூடத்தில் ஒரு பெட்டியின் முன் பதின்மூன்று பேர் இருந்தோம். எங்கள் தெருவில் இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக இருக்கின்றன. எங்களை எந்தக் கருவியும் எண்ணவில்லை.

பதிகம் ஓதுகிறவர்களிடையே ஒரு மரபு உண்டு. நேரமில்லையென்றால் முதற்பாட்டையும் கடைசிப் பாட்டையும் மட்டுமாவது பாடி நிறைவு செய்ய வேண்டும். நடுவில் எதை விட்டாலும் கடைசியை விடலாகாது. பாடியவர் இன்னார், பாடுவோர் பெறும் பேறு இன்னது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த மரபில் ஊறியவனுக்கு, வாயைத் திறந்த ஓட்டுநரை அப்படியே நிறுத்திவைத்தது வெறும் வணிக முடிவாகத் தோன்றவில்லை. முறைகேடாகத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

சில வாரங்களில் வேறொரு செய்தி வந்தது. தொடரை எடுத்தவர்கள் இன்னொரு தொலைக்காட்சியோடு பேசி வருகிறார்கள். நடிகர்கள் வேறு வேலைகளுக்குக் கலைந்து போவதற்குள் முடிவானால் பேருந்து மறுபடி ஓடும். மாடிப் பெண்களில் மூத்தவள் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கிறாள். சாத்தூர்ப் பக்கம். போனில் கருத்து எழுதினால் போதாது, காகிதத்தில் மனுவாகப் போக வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

நான்கு நாள் உழைத்தேன். எனக்குத் தெரிந்த விண்ணப்பமெல்லாம் இறைவன்முன் வைக்கும் விண்ணப்பமே. முதலில் புகழ வேண்டும். பின்பு தன் சிறுமையைச் சொல்ல வேண்டும். கேட்க வந்ததை இறுதியில்தான் கேட்க வேண்டும். அந்த ஒழுங்கில் மூன்று பக்கம் நிரம்பியது. உழைப்பவரின் அயர்வையும் நகைப்பின் அருமையையும் இரண்டு பக்கங்களில் விரித்து, தொடரின் பெயரை மூன்றாம் பக்கத்தில், கோயிலின் உள்ளறையில் தெய்வம் இருப்பதுபோல் வைத்தேன். வாசித்துக் காட்டியபோது என் மனைவி, “இம்மாம் நீட்டா எழுதினா எவன் படிப்பான்? மொத வரியிலயே கேக்கறதுக்கு இன்னா வெக்கம்?” என்றாள். நான் அவளுக்குச் செவி கொடுக்கவில்லை.

கையொப்பம் எப்படி இடுவது என்று பெண்கள் கேட்டார்கள். அரைகுறையாகக் கிறுக்காமல், முறையான காகிதங்களில் எழுதுவது போலவே எழுதுங்கள் என்றேன். அவர்கள் நாள்தோறும் கையொப்பமிடும் முறையான காகிதம் ஒன்றே ஒன்றுதான், தொழிற்சாலையின் வருகைத் தாள். தாள்கள் மூன்று விடுதிகளுக்குப் போய்த் திரும்பின. எல்லோரும் தங்கள் பணியாளர் எண், லைன், ஷிப்டு, சூப்பர்வைசர் பெயர் என்று வரிசை தவறாமல் நிரப்பியிருந்தார்கள். பார்த்து மகிழ்ந்தேன். எவ்வளவு ஒழுங்கு என்று பாராட்டவும் செய்தேன்.

அந்த வாரம் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு எங்கள் ஓதும் குழுவோடு போயிருந்தேன். குழுவில் என்னினும் இளையவரான ஓர் அன்பர், வேனில் எல்லோரும் கேட்கும்படி ஆரம்பித்தார்: “இன்னா சாரே, சாமிய பாடற வாயி இப்ப டிவிக்கும் பாடுதாமே?” வேனே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுச் சொன்னேன். நாம் ஓதும் பாட்டுகளில் அடியார்கள் இறைவனை என்னவெல்லாம் கேலி செய்திருக்கிறார்கள்! ஓட்டை மண்டையோட்டில் சோறு வாங்குகிறாய், உடுக்க உனக்குத் துணியில்லை, பாம்பைக் கண்டால் உன் மனைவியே பயப்படுகிறாள் என்றெல்லாம் வம்புக்கு இழுத்தவர்களுக்கு அவன் வீடுபேறு தந்தான். நகையைப் பொறுக்காத தெய்வத்தை நான் வழிபடவில்லை. நீங்கள் வழிபடுகிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன்.

மனுவை அனுப்பிப் பத்து நாள் கழித்து, முதல் ஷிப்டு முடிந்ததும் லைன் லீடரைத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். நடந்தது இதுதான். புதிய தொலைக்காட்சி அலுவலகத்தில் என் மனுவின் முதல் பக்கத்துக்கு மேல் யாரும் படிக்கவில்லை. தொழிலாளர் துயரம் என்று ஒரு பக்கம். கூடவே பணியாளர் எண்களும் சூப்பர்வைசர் பெயர்களும் நிறைந்த தாள்கள். போராட்டம் என்று எண்ணிச் செய்திப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து ஒருவர் தொழிற்சாலைக்கே போன் செய்து, உங்கள் பெண்களுக்கு என்ன குறை என்று கேட்டிருக்கிறார்.

பிழை என்னுடையது. ஆகவே அவளோடு நானும் போனேன். வாயிலில் பார்வையாளர் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதிகாரி இளைஞர், மரியாதையானவர். எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மனுவின் நகலை எடுத்து வைத்தார். மூன்றாம் பக்கத்தைப் படியுங்கள் என்றேன். படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு, நடவடிக்கை எதுவும் இல்லை, ஆனால் இரண்டு உறுதிகளை எழுதித் தர வேண்டும் என்று சொல்லி, அவற்றை இரண்டு வாக்கியங்களாகக் குறித்த தாள் ஒன்றை நீட்டினார். பணியாளர் எண்ணை வெளியே எங்கும் எழுதக் கூடாது என்பது ஒன்று. நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, இனி இப்படிப்பட்ட மனு எதுவும் அனுப்புவதில்லை என்பது மற்றொன்று.

முதலாவதை அவள் அந்தத் தாளின் கீழேயே உடனே எழுதிக் கொடுத்தாள். அது நியாயம் என்றாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

“ரெண்டாவத எழுத மாட்டேன் சார். நம்பர எழுதுனது தப்பு, ஒத்துக்கிட்டேன். சிரிச்சதுக்கு எப்பிடி சார் மன்னிப்புக் கேக்க?”

அதிகாரி என்னைப் பார்த்தார். பெரியவர் எடுத்துச் சொல்லுங்கள் என்று அந்தப் பார்வைக்குப் பொருள். நான் அவரிடமே எடுத்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், அதற்காக யாருக்கு எழுதுகிறார்கள் என்பது இந்த வாயிலுக்கு வெளியே உள்ள காரியம், அடுத்த மனுவையும் நாங்கள் அனுப்பத்தான் போகிறோம் என்றேன். அவர் தாளிலிருந்த இரண்டாவது வாக்கியத்தைக் கோடிட்டு அடித்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது மனுவை என்னிடம் கொடுக்கவில்லை. அவர்களே எழுதினார்கள். ஏழு வரி. முதல் வரியிலேயே தொடரின் பெயர். இரண்டாம் வரியில், ‘ஓட்டுநர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.’ அதன்கீழ் தம் பெயரும் தகப்பன் பெயரும் சொந்த ஊரும். அந்தத் தாள்களில் கோவில்பட்டியும் சிவகாசியும் நான் கேட்டறியாத பல சிற்றூர்களும் இருந்தன. இத்தனை காலமாக மாடிப்படி ஏறி இறங்கிய பெண்களின் ஊர்ப் பெயர்களை அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். மனுவின் நடையைப் பற்றி எனக்கு ஆட்சேபங்கள் உண்டு. ஆனால் அது படிக்கப்பட்டது.

படிக்கப்பட்டது எப்படித் தெரியுமென்றால், புதிய தொலைக்காட்சியிலிருந்து ஓர் அம்மையார் லைன் லீடரின் எண்ணுக்குப் போன் செய்தார். மாலை நேரம், எங்கள் கூடத்தில் நின்றுதான் அவள் பேசினாள். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. எடுத்துக்கொண்டாலும் ஞாயிறு காலை ஏழு மணி ஒன்றுதான் காலியாக இருக்கிறது. விடுமுறை நாளில் அந்நேரத்துக்கு யார் எழுந்திருப்பார்கள் என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம்.

“நாலரைக்கு எந்திரிச்சு பஸ்ஸப் பிடிக்கிற ஆளுக மேடம் நாங்க,” என்றாள் இவள். “ஏழு மணின்னா எங்களுக்கு உச்சிப்பொழுது.”

அதை எழுதித் தர முடியுமா என்று அந்த அம்மையார் கேட்டார். தருகிறோம் என்றாள். இப்போது மூன்றாவது மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே வாக்கியம்: ‘ஏழு மணிக்கும் பார்ப்போம்.’ கம்பெனிப் பேருந்துகளிலேயே கைமாறிப் போகிறது. ஸ்ரீபெரும்புதூர் வரை போய்விட்டதாகச் சொல்கிறார்கள். என் மனைவி இதுவரை எந்தக் காகிதத்திலும் எனக்குப் பிறகுதான் கையொப்பமிட்டிருக்கிறாள். இதில் எனக்கு முன்னே போட்டுவிட்டாள்.

நடிகர்களில் இருவர் வேறு தொடரில் சேர்ந்துவிட்டதாக நேற்று ஒரு செய்தி. உண்மையாக இருக்கலாம். ஓட்டுநரும் கேன்டீன் அம்மாளும் இன்னும் எதிலும் சேரவில்லை. எங்களுக்கு அந்த இருவர் போதும்.

ஏழு மணி நான் விளக்கேற்றும் வேளை. புதிய தொலைக்காட்சி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். போன ஞாயிறு முதல் நான் மூன்று மணிக்கே எழுந்து ஓதத் தொடங்கி, ஏழுக்குள் முடித்துவிடுகிறேன்.